என் இடுப்பு அடித்த கோல்கள்

மணிமாறன் என்னைத் தன் காற்பந்து அணியில் சேர்த்துக்கொண்ட அன்று அவருடைய பாதி வாய் மரத்துப்போயிருந்தது.

ஜாலான் புசாரில் ஒரு பல் மருந்தகத்தில் நான் முன்மேசை வேலை பார்க்கிறேன். கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வந்தவருக்கு டாக்டர் ஊசி போட்டு, மருந்து வேலை செய்யட்டும் என்று வெளியே உட்கார வைத்திருந்தார். கீழுதடு ஒரு பக்கமாகத் தொங்கிக்கிடந்தது. டிஷ்யூவால் எச்சிலைத் துடைத்துக்கொண்டே மனிதர் என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார். மருந்தகம் முழுக்கக் கிராம்புத் தைல வாசம்.

“அக்கா, சனிக்கிழம காலைல நீங்க ஃப்ரீயா?”

நான் தாலிச் சங்கிலியை எடுத்துச் சட்டைக்கு வெளியே போட்டுக்கொண்டேன்.

“ஐயோ, அதுக்கு இல்லக்கா. ஃபுட்பால். எங்க டீமுக்கு ரெண்டு லேடீஸ் வேணும். ஒருத்தங்க கெடச்சிட்டாங்க.”

“எனக்கு விளையாடவே தெரியாதே தம்பி.”

“அதெல்லாம் பரவால்ல லா. நின்னா போதும்.”

நின்றால் போதும்! என் தகுதியை இவ்வளவு துல்லியமாகக் கண்டுபிடித்த மனிதர் அதுவரை வேறு யாரும் இல்லை. சிரித்துவிட்டேன். சிரித்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

பல் போன பிறகு வாயில் பஞ்சோடு வெளியே வந்தார். பேச முடியாது. எண்ணைப் பதிவு செய்யும்படி கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினார். அதில் பெயர் இடத்தில் ‘லேடி 2’ என்று ஏற்கெனவே அடித்து வைத்திருந்தார். இன்றுவரை அவர் தொலைபேசியில் நான் அந்தப் பெயரில்தான் இருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

போன வாரம் நானும் மாமியாரும் ஒரே குளிர்சாதனப் பெட்டியைப் பங்குபோட்டுக்கொண்ட கதையை எழுதியிருந்தேன். மாமியார் படித்துவிட்டு, “பரவால்ல, பாதிதான் பொய்” என்றார். இந்த வாரக் கதையில் அவர் இல்லை. ஆகவே முழுக்க உண்மை.

ஒரு வேன், ஒரு ஜோடி கையுறை

அது ஒரு வட்டார மன்றம் நடத்திய கலப்புக் குழுப் போட்டி. ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். எந்த நேரமும் திடலில் இரண்டு பெண்கள் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஆட்டம் எதிரணிக்குப் போய்விடும். பெண் அடிக்கும் கோலுக்கு இரண்டு புள்ளி, ஆண் அடித்தால் ஒன்று. பெண்களை ஊக்குவிப்பதற்காக நல்ல மனத்தோடு போட்ட விதி. நல்ல மனத்தோடு போட்ட விதிகளை நம் ஆண்கள் என்ன செய்வார்களோ, அதையேதான் இதையும் செய்தார்கள்.

மணிமாறனுக்குக் கெர்பாவ் சாலையில் கைத்தொலைபேசிக் கடை. முப்பத்தைந்து வயதுக்குள் தலைமுடியில் பாதியை இழந்தவர். தன்னம்பிக்கையில் ஒரு மயிரிழைகூடக் குறையாதவர். கேப்டன் பட்டையை வீட்டிலேயே கையில் கட்டிக்கொண்டு பேருந்தில் ஏறுவார். அணிக்குக் ‘கெர்பாவ் காளைகள்’ என்று பெயர் வைத்திருந்தார். இரண்டு பெண்கள் இருக்கும் அணிக்கு இந்தப் பெயரா என்று நான் கேட்டேன். “பேரு முன்னாடியே பிரிண்ட் பண்ணியாச்சுக்கா” என்றார்.

அவருடைய மச்சான் சுரேஷ் இன்னொரு ஆட்டக்காரர். சுரேஷிடம் வேன் இருந்தது. கோலில் நின்றவர் ஆ செங். பக்கத்துத் தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். அவருக்குப் பந்தைப் பிடிக்கவும் தெரியாது, பந்தைப் பிடிக்கவும் பிடிக்காது. ஆனால் கடையில் விதவிதமான கையுறைகள் இருந்தன.

முதல் லேடி சரசு அக்கா. பஃபலோ ரோட்டில் நூலால் புருவம் திருத்தும் கடை வைத்திருக்கிறார். ஐம்பதைத் தாண்டியவர், ஒரு முழங்காலில் பட்டை. மணிமாறனின் மனைவி அங்கேதான் புருவம் எடுப்பார். கண்ணை மூடிப் படுத்தபடியே கேட்ட வாடிக்கையாளரிடம் மாட்டேன் என்று சொல்லச் சரசு அக்காவுக்கு வாய் வரவில்லை.

ஆக எங்கள் அணியில் ஒரு வேன் இருந்தது, ஒரு ஜோடி கையுறை இருந்தது, இரண்டு பெண்கள் இருந்தார்கள், ஒரு கேப்டன் இருந்தார். ஆட்டக்காரர் என்று சொல்லும்படி ஒருவரும் இல்லை.

சிரிக்காதீர்கள். இந்த ஊரில் சனி, ஞாயிறு ஆடுகிற எந்த அணியை வேண்டுமானாலும் உரித்துப் பாருங்கள், உள்ளே இதுதான் இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு கிரிக்கெட் குழுவில் ஒருவருக்கு மட்டை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே சந்தேகம். அவர் கொண்டோமினியக் குடியிருப்பில் பார்பிக்யூ அடுப்பு இருக்கிறது. அதனால் அவர் நிரந்தர உறுப்பினர். எங்கள் அடுக்குமாடி புளோக்கின் பூப்பந்துக் குழுவில் ஓர் அம்மா இருக்கிறார். இணையத்தில் ஆடுகளம் பதிவு செய்யும் நேரத்தில் அவர் விரல் மின்னல். பூப்பந்தில் அதே விரல் பிடித்த மட்டை பந்தைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை. அவரை யாராவது நீக்கிப் பார்க்கட்டும், மறு வாரமே குழு நடுத்தெருவில் நிற்கும்.

ஒப்புக்குச் சப்பாணி

எனக்கு இந்தப் பதவி புதிதில்லை.

சின்ன வயதில் எங்கள் வீவக அரசு அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் ஓடிப்பிடித்து விளையாடுவோம். ‘பந்து விளையாடக் கூடாது’ என்ற பலகைக்கு அடியில்தான். அங்கே நான் ஒப்புக்குச் சப்பாணி. என்னைப் பிடித்தாலும் ஆட்டம் போகாது, நான் யாரையாவது பிடித்தாலும் செல்லாது. அம்மா மேலே இருந்து எட்டிப் பார்க்கும்போது மட்டும் பெரியவர்கள் என்னைத் துரத்துவது போல நடிப்பார்கள்.

உயர்நிலைப் பள்ளியில் வலைப்பந்து அணிக்கு ஓர் ஆள் குறைந்தது. டீச்சர் என்னைப் பார்த்து, “நீ உயரமா இருக்கே, வா” என்றார். மூன்று வருடம் பெஞ்சில் உயரமாக உட்கார்ந்திருந்தேன். எல்லாருடைய தண்ணீர்ப் புட்டியும் என் காலடியில்தான் இருக்கும். எது யாருடையது என்று மூடியைப் பார்த்தே சொல்வேன்.

இது பரம்பரை வியாதியாகவும் இருக்கலாம். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார். வருடா வருடம் நடக்கும் கயிறிழுக்கும் போட்டியில் அவர் பிரிவுக்கு அவர்தான் கடைசி ஆள். இழுக்க வேண்டியதில்லை. கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு பின்னால் சாய்ந்தால் போதும், மீதியை அவர் எடை பார்த்துக்கொள்ளும். போட்டிக்கு ஒரு மாதம் முன்பிருந்தே மேலதிகாரி தன் செலவில் அவருக்குத் தினமும் மட்டன் வாங்கிக் கொடுப்பார். “இந்த உடம்புக்கு மதிப்பு குடுக்கறது அந்த ஆபீஸ் மட்டும்தான்” என்று அப்பா அம்மாவிடம் சொல்வார். போட்டி முடிந்த மறுநாள் மட்டனும் நின்றுவிடும், மேலதிகாரி முகம் கொடுப்பதும் நின்றுவிடும். அப்பா மறு வருடம் கூப்பிட்டதும் போவார்.

நானும் போனேன்.

கேரம் பலகை

முதல் ஆட்டம் ஃபேரர் பார்க் பக்கம் கூரை போட்ட ஒரு திடலில். காலை ஒன்பது மணிக்கே தரையின் ரப்பர் சூடாகி, டயர் கடைக்குள் நுழைந்த மாதிரி வாசம் அடித்தது. எனக்கும் சரசு அக்காவுக்கும் ஆண்கள் அளவுச் சட்டை. அக்காவுக்கு அது முழங்கால் வரை வந்தது.

மணிமாறன் எங்கள் இருவரையும் எதிரணிக் கோலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். சரசு அக்கா இடது கம்பத்தருகே, நான் வலது கம்பத்தருகே.

“அக்கா, இந்த எடத்த விட்டு நகராதீங்க. கோலப் பாக்காதீங்க, எங்களப் பாத்து நில்லுங்க.”

“பந்து வந்தா என்ன செய்யறது?”

“ஒண்ணும் செய்யாதீங்க. ஒண்ணுமே செய்யாதீங்க.”

கொஞ்ச நேரத்தில் புரிந்துவிட்டது. சுரேஷ் தூரத்திலிருந்து என்னைக் குறிபார்த்து ஓங்கி உதைத்தார். திரும்புவதற்குள் பந்து இடுப்பில் பட்டு, திசை மாறி, கோலுக்குள் போய்விட்டது. நடுவர் இரண்டு விரலைத் தூக்கினார். கடைசியாகப் பட்டது பெண் மேல், ஆகவே பெண் அடித்த கோல்.

கேரம் ஆடுகிறவர்களுக்கு இது தெரிந்த வித்தைதான். காயை நேராக அடிக்க முடியாவிட்டால் பலகையின் ஓரத்தில் மோதவிட்டு விழவைப்பார்கள். அந்த ஓரம்தான் நான்.

மணிமாறனும் சுரேஷும் ஓடிப்போய் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். ஆ செங் தன் கோலை அம்போவென்று விட்டுவிட்டு, “ரெண்டு! ரெண்டு!” என்று கத்திக்கொண்டே ஓடிவந்தார். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ் எண் அதுதான், அதுவும் அன்று கற்றது. கோல் அடித்தவள் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு இடுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சரசு அக்கா மட்டும்தான் கேட்டார்.

“வலிக்குதாடி?”

“உயிர் போகுது.”

“எனக்கு இன்னும் வரல. பயமா இருக்கு.”

அவருக்கும் வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தது. என் தோள்பட்டை கோல் அடித்தது. தொடையின் பின்பக்கம் கோல் அடித்தது. சரசு அக்காவின் வயிறு ஒரே ஆட்டத்தில் இரண்டு அடித்தது. ஒருநாள் நான் கூந்தலைத் தூக்கிக் கட்டும்போது பந்து முழங்கையில் பட்டு உள்ளே போக, நடுவர் கையில் பட்டதென்று கோலை ரத்து செய்தார். மணிமாறன் தன் சொந்தச் சொத்தைப் பறிகொடுத்தவர் போல நடுவரிடம் சண்டைக்குப் போனார். அந்த முழங்கை என்னுடையது என்பது இருவருக்குமே நினைவில்லை.

திங்கட்கிழமைகளில் மருந்தகத்தில் நான் சாய்ந்தே உட்கார்ந்திருப்பேன். வலி என்று வரும் நோயாளிகள் என்னைப் பார்த்துவிட்டுத் தைரியமாக உள்ளே போவார்கள்.

பலகையில் என் பெயர்

பாதிப் போட்டி முடிந்தபோது மன்றத்து அறிவிப்புப் பலகையில் அதிக கோல் அடித்தவர்களின் பெயர்களை ஒட்டினார்கள். முதல் பெயர் என்னுடையது.

பெண்களில் முதல் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாரிலும் முதல்! உயரமாக உட்கார்ந்திருந்தவளின் பெயர் முதன்முறையாக உயரத்தில் இருந்தது. எங்கள் வீட்டுக்காரர் அதைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டார். நாத்தனார் ஒருத்தி, “இதில் காலால் அடித்தது எத்தனை?” என்று எழுதியிருந்தாள். நாத்தனார்கள் என்றால் கண் அங்கேதான் போகும்.

ஒன்றுகூட இல்லை. அந்தப் பலகைக்கு முன்னால் நின்றபோது பெருமை வந்தது, கூடவே ஓர் அவமானமும் வந்தது. அதற்குப் பின்னாலேயே ஓர் ஆசை வந்தது. ஒரே ஒரு கோல். காலால். நானே பார்த்து, நானே குறிவைத்து, நானே உதைத்தது. போட்டி முடிவதற்குள் அது வேண்டும் என்று மனம் சிறு பிள்ளை போல அடம்பிடித்தது.

வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் பல மாடிக் கார்ப்பேட்டையின் மொட்டைமாடி காலியாக இருக்கும். அங்கே இரண்டு விளக்குக் கம்பங்களுக்கு நடுவே அவர் நிற்க, நான் உதைத்தேன். முதல் உதை சரிவுப் பாதையில் உருண்டு இறங்க, அவர் இரண்டு மாடி துரத்திக்கொண்டு போய்ப் பந்தைப் பிடித்து மூச்சிரைக்க வந்தார்.

“நீ கோலப் பாத்து ஒதைக்கிறியா, என்னயப் பாத்து ஒதைக்கிறியா?”

“ரெண்டும்தான்.”

“அவசரப்படாத. பஸ் மாதிரிதான். மொதல்ல நிறுத்து. நல்லா நின்னிருச்சான்னு பாரு. அப்பறம் எடு.”

அது எனக்குப் பிடிபட்டது. வரும் பந்தைப் பாதத்தால் அழுத்தி நிறுத்தக் கற்றேன். காலை வெயிலில், எண்ணெய்க் கறை படிந்த சிமெண்டில், பந்து என் காலடியில் அடங்கி நிற்கும் அந்த ஒரு நொடி இருக்கிறதே, அதற்காகவே மறு ஞாயிறு வரை காத்திருந்தேன். நாற்பது வயது வரை இது தெரியாமல் இருந்துவிட்டேனே என்று ஆத்திரமாகவும் இருந்தது.

மணிமாறனிடம் கேட்டேன். “தம்பி, ஒரு தடவ எனக்குப் பாஸ் குடுங்க. காலுக்கு.”

“கண்டிப்பா அக்கா, கண்டிப்பா.”

அடுத்த ஆட்டத்தில் பந்து என் முதுகுக்கு வந்தது. நாங்கள் இறுதியாட்டத்துக்குப் போய்விட்டோம்.

ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள் அக்கா

மற்ற அணியினர் சும்மா இருப்பார்களா? கெர்பாவ் காளைகள் பெண்களை வைத்துக் கேரம் ஆடுகிறார்கள் என்று ஏற்பாட்டாளர்களிடம் புகார் போனது. அவர்கள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. இறுதியாட்டத்துக்கு முன் ஏற்பாட்டாளர்கள் விதியைத் திருத்தினார்கள். பெண் தானாக உதைத்தாலோ தலையால் முட்டினாலோதான் இரண்டு புள்ளி. மேலே பட்டுப் போனால் ஒன்றுதான்.

மணிமாறனுக்கு இப்போது பந்தை உதைக்கத் தெரிந்த ஒரு பெண் தேவைப்பட்டார். தன் அணியிலேயே ஒருத்தி ஞாயிறுதோறும் பயிற்சி எடுக்கிறாள் என்று அவருக்குத் தெரியாது. சொன்னாலும் நம்பியிருக்க மாட்டார். எனக்கு ஒரு வாட்ஸ்அப் வந்தது: ‘அக்கா இந்த வாரம் நல்லா ரெஸ்ட் எடுங்க. உங்க சப்போர்ட்டுக்கு நன்றி.’ கூடவே கைகூப்பும் படம் ஒன்று.

குழம்பு கொதிக்கும் வரை கறிவேப்பிலை வேண்டும், தட்டுக்கு வந்ததும் ஓரத்தில் ஒதுக்க வேண்டும். கோபத்தில் நான் அன்று சமைக்கவே இல்லை. வீட்டுக்காரர் போய்ப் பிராட்டா வாங்கி வந்தார்.

புதிதாக வந்தவள் தீபிகா. பல்கலைக்கழக அணியில் ஆடுகிறவள். இறுதியாட்டத்துக்கு முந்தைய சனிக்கிழமை பக்கத்து அணியோடு ஒரு பயிற்சி ஆட்டம் வைத்திருந்தார்கள். போகக் கூடாது என்று நினைத்தேன். போனேன். இன்னொரு லேடியாகச் சரசு அக்கா உள்ளே இருந்தார். அவருக்காகத்தான் வந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தீபிகா நன்றாக ஆடினாள். பொறாமைப்படக்கூடத் தோன்றாத அளவுக்கு நன்றாக ஆடினாள். பந்து அவள் காலில் நாய்க்குட்டி மாதிரி கூடவே போனது. காலியிடம் எங்கே என்று அவளுக்குத் தெரிந்தது. அங்கே ஓடி, கையைத் தூக்கினாள். சுரேஷ் அவளைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தானே உதைத்து வெளியே அடித்தார். மறுபடி ஓடினாள், மறுபடி கை தூக்கினாள். மணிமாறன் மூன்று பேருக்கு நடுவே தனியாகப் புகுந்து பந்தைப் பறிகொடுத்தார். கடைசியில் அவள் கோலுக்குப் பக்கத்தில் திரும்பி நிற்கும் நேரம் பார்த்து, அவள் முதுகைக் குறிவைத்து ஓங்கி ஒன்று விட்டார்.

அவள் முதுகைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். “அங்கிள், என்ன இது?”

“சாரிமா. பழக்கதோஷம்.”

இடைவேளையில் அவள் காலணியைக் கழற்றிப் பைக்குள் போட்டாள்.

“ஒங்களுக்குப் பிளேயர் வேணாம் அங்கிள். செவுருதான் வேணும். நான் கெளம்பறேன்.”

மணிமாறனுக்குச் செவுரு என்றது உறைக்கவில்லை. அங்கிள் என்றதில்தான் முகம் செத்துவிட்டது.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பேருந்து நிறுத்தம் வரை சிரித்தேன். பேருந்தில் உட்கார்ந்த பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. எனக்கு ஆடத் தெரியாது, அதனால்தான் பந்து வரவில்லை என்று இத்தனை வாரமும் நான் நியாயம் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அப்படி யாரும் நம்மைச் சொல்லிவிடக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது ஆடத் தெரிந்தவளே வந்தாள். அவளுக்கும் வரவில்லை. கூடம் கோணல்தான்!

காலுக்கு ஒரு பந்து

திங்கட்கிழமை மணிமாறன் மருந்தகத்துக்கு வந்தார். பல்வலி இல்லை. நான் அவருக்கு வரிசை எண் கொடுத்து உட்காரச் சொன்னேன். மூன்று நோயாளிகள் உள்ளே போய் வரும் வரை உட்கார்ந்திருந்தார்.

“அக்கா, சனிக்கிழம ஃபைனல். ஆள் இல்ல. ரெண்டு லேடீஸ் இல்லாட்டி வாக்ஓவர் ஆயிரும்.”

“ரெஸ்ட் எடுக்கச் சொன்னீங்களே.”

“அது... ஒங்க ஒடம்ப நெனச்சுதான்கா.”

“வரேன். ஆனா எனக்குப் பந்து வேணும். மேல இல்ல, காலுக்கு. ஒரு பாஸாச்சும் வரணும்.”

“காளியம்மா மேல சத்தியம்கா.”

அந்தப் பேச்சைக் கேட்டுக் காளியம்மனே சிரித்திருப்பாள். இருந்தாலும் போனேன். எனக்கு அந்தக் கோல் வேண்டும். அதை வீட்டில் உட்கார்ந்துகொண்டு அடிக்க முடியாது.

இறுதியாட்டத்தன்று சுற்றிலும் கூட்டம். சுரேஷின் வேனில் வந்த உறவினர்கள் ஒரு பக்கம், ஆ செங் கடை ஆட்கள் ஒரு பக்கம். எங்கள் வீட்டுக்காரர் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு வந்து கோலுக்குப் பின்னால் நின்றார். மழை பெய்து ஓய்ந்திருந்தது. சாரல் அடித்துத் தரை நனைந்திருந்தது, கூரை ஓரத்திலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டே இருந்தது.

நாங்கள் இருவரும் எங்கள் கம்பங்களுக்குப் போனோம். விதி மாறிவிட்டது, அதனால் ஏதாவது மாறும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் மாறவில்லை. நான் நகர்ந்தேன், கை தூக்கினேன், “மணி, இங்க!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். சுரேஷ் தானே அடித்தார். மணிமாறன் தானே அடித்தார். சரசு அக்காவின் வயிற்றில் பட்டு ஒரு கோல் விழுந்தது, ஒரு புள்ளிதான். ஆ செங் வழக்கம்போல “ரெண்டு!” என்று கத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கடைசி நிமிடத்தில் அவர்களுக்கு நான்கு, எங்களுக்கு மூன்று.

மணிமாறனிடம் பந்து. தலை நிமிர்ந்தது. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு அத்துப்படி. என் இடுப்பைத் தேடுகிற பார்வை. ஓங்கினார்.

ஆனால் தரை ஈரம், கால் வழுக்கியது. பந்து இடுப்புக்கு வராமல் தாழ்ந்து, துள்ளித் துள்ளி என் காலை நோக்கி வந்தது.

நான் பாதத்தை வைத்து அழுத்தினேன். நின்றது.

திடலே ஒரு கணம் திகைத்துப்போனது. கோலில் நின்றவரைத் தவிர எதிரணியில் யாரும் என் பக்கத்தில் இல்லை. இந்தப் பெண்கள் வெறுமனே நிற்பவர்கள் என்று அவர்களுக்கும் தெரியும். மணிமாறன், “விடுங்கக்கா! விடுங்கக்கா!” என்று அலறியது கேட்டது. எதை விடச் சொன்னாரோ. நான் திரும்பினேன். கோலை அத்தனை அருகில், நேருக்கு நேர், அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். கோலில் நின்றவர் எனக்கு இரண்டடி முன்னால் தடுமாறிக்கொண்டிருந்தார். பார்த்தேன், குறிவைத்தேன், உதைத்தேன்.

டங் என்று வலது கம்பத்தில் பட்டு வெளியே தெறித்தது. நடுவர் விசில் ஊதிவிட்டார்.

தேக்காவில் சாப்பாடு

தோற்றவர்களும் சாப்பிட வேண்டுமே. எல்லாரும் தேக்கா உணவங்காடிக்குப் போய்ப் பிரியாணி வாங்கிக்கொண்டு ஒரே மேசையில் உட்கார்ந்தோம். நான் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தேன். வருத்தமில்லை என்று எழுதினால் அது மகா பொய். கண்ணை மூடினால் அந்த டங் கேட்டது.

மணிமாறன்தான் ஆரம்பித்தார்.

“ஏன்கா நிறுத்துனீங்க? சும்மா நின்னிருந்தா ஒங்க மேல பட்டு உள்ள போயிருக்கும். டிராவாச்சும் ஆயிருக்கும்.”

“அவ்ளோ டைம் இருந்துச்சு,” என்றார் சுரேஷ். “இன்னும் ஒரு ஸ்டெப் உள்ள போயி அடிச்சிருக்கலாம். அவசரப்பட்டுட்டீங்க.”

ஆ செங் கரண்டியை வைத்துவிட்டுக் கையை நீட்டி மேசையின் இடது பக்கத்தைக் காட்டினார். “ஐயோ, செல்வி! லெஃப்ட் சைடு ஆல் எம்ப்டி லா! ஒய் யூ கிக் ரைட்?”

சரசு அக்காவுக்குப் பொறுக்கவில்லை. “ஏண்டா, இத்தன வாரத்துல அவளுக்கு ஒரு பந்து ஒழுங்கா குடுத்திருப்பீங்களா? பேச வந்துட்டாங்க...”

நான் அக்காவின் கையைப் பிடித்து நிறுத்தினேன். அவர்கள் பேசட்டும் என்று இருந்தது. இன்னும் கொஞ்சம் பேசட்டும்.

அத்தனை வாரங்களில் நாங்கள் ஜெயித்திருக்கிறோம், தோற்றும் இருக்கிறோம். எதற்கும் என்னை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பந்து என் மேல் பட்டு உள்ளே போனால் அடித்தவருக்குப் பாராட்டு, வெளியே போனால் அடித்தவருக்குத் திட்டு. இப்போது மூன்று ஆண்கள் பிரியாணியை ஆறவிட்டு, நான் எந்தக் காலால் உதைத்தேன், எவ்வளவு தூரத்தில் நின்றேன், எந்தப் பக்கம் அடித்திருக்க வேண்டும் என்று குரலை உயர்த்திச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆ செங் என் பெயரைச் சொன்னதும் அன்றுதான். என்னால் ஓர் அணி தோற்றிருக்கிறது. அழுகை வரவேண்டிய இடத்தில் எனக்குப் பசி வந்தது.

ஒரு வாய் அள்ளிப் போட்டு, நன்றாக மென்று விழுங்கினேன்.

“ஆமா, நான்தான் விட்டேன்,” என்றேன். “லெஃப்ட்ல அடிச்சிருக்கணும். அடுத்த தடவ அடிக்கிறேன். பந்த மட்டும் குடுங்க.”